வண்டிக்கு மூச்சு வாங்கினால்...

"மாமியார் மருமகள் தகராறுக்கெல்லாம் யோசனை சொல்கிறீர்கள், எங்கள் வீட்டு மோட்டாருக்கு ஒரு யோசனை சொல்லக் கூடாதா?" என்று கேட்டுச் சேலத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கடிதம் நான்கு பக்கம். சாராம்சத்தை மட்டும் சொல்லி விடுகிறேன்.

அவருடைய மாமனார் 1986-ல் வாங்கிய பிரீமியர் பத்மினி கார் இன்னும் வீட்டில் இருக்கிறது. ஒரு காலத்தில் வீட்டார் அத்தனை பேரையும், புளியோதரைத் தூக்கையும் ஏற்றிக்கொண்டு ஏற்காட்டு மலையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கிய வண்டி. இப்போது ஊருக்குள் மேம்பாலம் ஏறுவதற்கே இரண்டாவது கியர் கேட்கிறதாம். "பின்னால் லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே வருகிறார். முன்னால் வண்டி நகர மாட்டேன் என்கிறது. பாலத்தைத் தாண்டுவதற்குள் என் பிராணன் போய் வருகிறது" என்கிறார்.

வீட்டில் மூன்று கட்சிகள். "காயலான் கடைக்குப் போட்டுவிட்டு நிம்மதியாக இரு" என்பது கணவர் கட்சி. "பெரிய இஞ்சினாக மாற்றிவிட்டால் பறக்கும் அம்மா!" என்பது காலேஜில் படிக்கும் பிள்ளையின் கட்சி. "இஞ்சினை இறக்கி, போர் பண்ணி, ரிங் மாற்றணும்" என்பது மெக்கானிக்கின் தீர்ப்பு. மாமனார் மட்டும் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. தினம் காலையில் துணியும் கையுமாகப் போய் வண்டியைத் துடைத்துவிட்டு வருகிறாராம். "சீட்டுப் பணம் கைக்கு வந்திருக்கிறது. எந்தக் கட்சிக்குக் கொடுக்கட்டும்?" என்பது சகோதரியின் கேள்வி.

என் பதில்: இரண்டு வாரத்துக்கு யாருக்கும் காலணா கொடுக்காதீர்கள். பலம் எங்கே போயிற்று என்று தெரியாமல் பலத்துக்கு மருந்து வாங்குவது, ஜுரம் என்ன ஜுரம் என்று தெரியாமல் கஷாயம் வைப்பதற்குச் சமானம். பழைய வண்டி சோர்ந்து போவதற்கு இஞ்சின் தேய்மானம் ஒரு காரணம்தான். அதற்கு முன்னால் பத்துக் காரணங்கள் வரிசையில் நிற்கின்றன. அவற்றில் பாதி, கைச்செலவு இல்லாமலே தீரக்கூடியவை.

அது எவ்வளவு பலசாலி?

முதலில் வண்டியின் பூர்வோத்தரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். பம்பாய் குர்லாவில் இருந்த தொழிற்சாலையில் இத்தாலிய பியட் 1100 வண்டியின் மாதிரியில் செய்யப்பட்டது இது. 1974-லிருந்து சித்தூர் ராணி பத்மினியின் பெயரைத் தாங்கி, 2000-ம் ஆண்டு வாக்கில் உற்பத்தி நின்றது. இஞ்சின் 1089 ஸி.ஸி.; புத்தம் புதிதாக இருந்தபோதே அதற்குச் சுமார் 40 குதிரை சக்திதான். வண்டியின் எடையோ சுமார் 900 கிலோ. இன்றைக்கு ஒரு லிட்டர் இஞ்சின் வைத்த சின்னக் கார்கூட அறுபது குதிரைக்கு மேல் கொடுக்கிறது. ஆகவே, எதிர்வீட்டுப் புது வண்டியோடு ஒப்பிட்டு 'நம் வண்டிக்கு இழுவை இல்லை' என்று முடிவு கட்டக் கூடாது. பத்து வருஷத்துக்கு முன் இதே வண்டி இதே பாலத்தை எப்படி ஏறிற்று என்பதுதான் கணக்கு.

இன்னொன்று: நடுவில் யாராவது ஏ.ஸி. பொருத்தினார்களா? அது ஓடும்போது மூன்று நான்கு குதிரைகளைத் தனக்கென்று பிடித்துக்கொள்ளும். நாற்பதில் நாலு போனால் மேட்டில் தெரியாமல் இருக்குமா? ஏ.ஸி.யை நிறுத்திவிட்டு ஒரு தடவை பாலம் ஏறிப் பாருங்கள்.

வைத்தியர் கேட்கும் கேள்வி

நோயாளியைப் பார்த்ததும் நல்ல வைத்தியர், "எப்போது வலிக்கிறது?" என்றுதான் கேட்பார். வண்டிக்கும் அதேதான். சோர்வு எப்போது வருகிறது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒரு வாரம் எழுதி வாருங்கள். காரணத்தில் பாதி அதிலேயே அகப்பட்டுவிடும்.

ஒருநாள் திடீரென்று சோர்ந்ததா? அப்படியானால் தேய்மானம் இல்லை. ஒரு பிளக்கோ, அதற்குப் போகும் வயரோ வேலை நிறுத்தம் செய்திருக்கிறது. இந்த இஞ்சினுக்கு நாலு ஸிலிண்டர்கள். நாலு பேர் தூக்கும் பல்லக்கில் ஒருவர் சும்மா தோளைக் கொடுத்தாற்போல் நடந்தால் எப்படி இருக்கும்? மற்ற மூவரும் பல்லக்கைத் தூக்குவதோடு அவரையும் இழுத்துக்கொண்டு போக வேண்டும். வண்டி நிற்கும்போது கட்டில் கால் ஆடுவது போல் ஆடினால் இந்தச் சந்தேகத்தை முதலில் வைத்துக்கொள்ளுங்கள். மெக்கானிக் ஒவ்வொரு பிளக் வயராக எடுத்துப் பார்ப்பார். எந்த வயரை எடுத்தால் இஞ்சின் சத்தம் மாறவில்லையோ, அந்த ஸிலிண்டர்தான் சோம்பேறி. இதை நீங்கள் செய்து பார்க்க வேண்டாம். வெறுங்கையால் தொட்டால் தூக்கிப் போடும்.

கிளம்பும்போது சரியாக இருந்து, அரை மணி ஓடிச் சூடேறிய பிறகு சோர்கிறதா? காயில், கண்டென்ஸர் இரண்டில் ஒன்று சூட்டில் பலவீனம் அடைகிறது. அல்லது சித்திரை வெயிலில் பெட்ரோல் பம்பிலேயே பெட்ரோல் ஆவியாகிறது. ஈரத் துணியைப் பம்பின் மேல் சுற்றிக்கொண்டு போகும் பழைய டிரைவர்களைப் பார்த்திருப்பீர்கள். அது மூட நம்பிக்கை அல்ல. ஆவியான பெட்ரோலைக் குளிர வைத்துத் திரும்பத் திரவமாக்கும் உபாயம்.

நெடுஞ்சாலையில் சில மைல் வேகமாகப் போன பிறகு மூச்சுத் திணறி, ஓரம் கட்டிக் கொஞ்சம் நின்றால் தானே தெளிகிறதா? அப்படியானால் பெட்ரோல் போதுமான அளவு வந்து சேரவில்லை. பில்டர் அடைத்திருக்கலாம், காப்பி பில்டரில் தூள் நைஸாகப் போய்விட்டால் டிகாக்ஷன் இறங்காது அல்லவா, அது மாதிரி. இல்லாவிட்டால் டாங்க் மூடியைப் பாருங்கள். எண்ணெய் டின்னில் ஒரு ஓட்டை மட்டும் போட்டால் எண்ணெய் கொட்டாது. காற்றுப் போக எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை வேண்டும். டாங்குக்குள் காற்றுப் போகும் வழி அடைத்துக்கொண்டாலும் அதே கதைதான். வண்டி திணறும் சமயத்தில் மூடியைத் திறந்தால் 'புஸ்' என்று காற்று உள்ளே இழுத்து, உடனே வண்டி தெளிந்தால் குற்றவாளி மூடிதான்.

இஞ்சின் உறுமுகிறது, ஆனால் வேகம் ஏறவில்லை என்றால் இஞ்சின் பேரில் பழி போடாதீர்கள். கிளட்ச் வழுக்குகிறது.

வருஷக் கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக, எப்போதும் சோர்வு என்றால்தான் மெக்கானிக் சொன்ன தேய்மானத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். அப்போதுகூட உடனே இல்லை.

வீட்டு வாசலில் செய்யக்கூடியவை

இஞ்சினை நிறுத்திவிட்டுப் பிள்ளையை ஸீட்டில் உட்கார்த்தி, ஆக்ஸிலரேட்டரைத் தரை மட்டும் மிதிக்கச் சொல்லுங்கள். இன்னொருவர் முன்னால் நின்று கார்புரேட்டரின் கை முழுவதும் திறக்கிறதா என்று பார்க்கட்டும். தேய்ந்துபோன இணைப்புகளால் முக்கால்வாசிதான் திறக்கும் வண்டிகள் உண்டு. பெடலுக்கு அடியில் தடிமனான மிதியடி விரித்து, அதனாலேயே முழுதும் மிதிபடாத வண்டிகளும் உண்டு. அதற்குச் சிகிச்சை மிதியடியை எடுத்து வெளியே போடுவதுதான்.

பிறகு சம தரையில் நியூட்ரலில் வைத்து, ஹாண்ட் பிரேக்கை விட்டுவிட்டுத் தள்ளிப் பாருங்கள். டயரில் காற்று சரியாக இருந்து, இரண்டு பேர் தள்ளியும் முனகிக்கொண்டு நகர்ந்தால் பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிறது. பத்து நிமிஷம் ஓட்டிவிட்டு வந்து ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்பக்கத்துக்கும் அருகில் கையைக் கொண்டு போங்கள். தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலாக வீசினால் அந்தப் பக்கத்துப் பிரேக் விடவில்லை. பலம் இஞ்சினில் உண்டாகிறது. பிரேக் டிரம்மில் செலவாகிறது! இது இழுவைப் பிரச்னை மட்டுமல்ல, ஆபத்தும்கூட.

ஏர் பில்டரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மூக்கில் பஞ்சை அடைத்துக்கொண்டு மாடி ஏற முடியுமா?

அப்புறம் பிளக். கழற்றி வரிசையாக வைத்தால், பாத்திரத்தின் அடியைப் பார்த்து அடுப்பைச் சொல்வது போல இஞ்சினைச் சொல்லிவிடலாம். பிஸ்கட் நிறம் என்றால் ஆரோக்கியம். உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. வெளுத்துச் சுண்ணாம்பு போல் இருந்தால் பெட்ரோல் போதவில்லை, சூடு அதிகம். எண்ணெய்ப் பிசுக்கு என்றால் இஞ்சின் ஆயில் உள்ளே கசிகிறது. பின்னால் வரும் புகைக்கும் பாஷை உண்டு. கறுப்பு, பெட்ரோல் விரயம். நீலம், ஆயில் எரிகிறது. சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல், ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் ஹெட் காஸ்கெட் பழுது. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியை மட்டும் யாரும் திறக்கவே கூடாது; கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

நாலு பிள்ளைகளின் மார்க்

இத்தனைக்கும் பிறகு ஒர்க்ஷாப்புக்குப் போங்கள். போனதும், "பாயிண்ட் இடைவெளி, டைமிங், டேப்பெட் மூன்றையும் சரி செய்துவிட்டு, கம்ப்ரெஷன் பார்த்து எழுதிக் கொடுங்கள்" என்று சொல்லுங்கள். சொன்ன தோரணையிலேயே பாதி மரியாதை வந்துவிடும்.

டைமிங் என்பது பொறி அடிக்க வேண்டிய நேரம். கடுகு வெடிப்பதற்கு முன்னும் கூடாது, கருகிய பின்னும் கூடாது, தாளிப்பு மாதிரி. பாயிண்ட் தேயத் தேய இந்த நேரம் தானே நகர்ந்துவிடும். டேப்பெட் இடைவெளி தப்பினால் வால்வ் சரியாக மூடாமல் பலம் கசிந்துவிடும்.

கம்ப்ரெஷன் சோதனைதான் தேய்மானத்துக்குச் சாட்சி. நாலு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் மீட்டரை வைத்து, ஆக்ஸிலரேட்டரை முழுதும் மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுழற்றினால் நாலு எண்கள் கிடைக்கும். நாலும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். 120, 118, 122 என்று மூன்று பேர் வாங்கி, ஒருவர் 80 வாங்கினால் அவரைத் தனியாக விசாரிக்க வேண்டும். விசாரணை சுலபம். அந்தத் துளையில் ஒரு டீஸ்பூன் இஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளப்பது. எண் நன்றாக ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஆயில் இடுக்கை அடைத்ததால் ஏறிற்று. ஏறவே இல்லையானால் வால்வில் கோளாறு. அடுத்தடுத்த இரண்டும் குறைவாக இருந்தால் நடுவே காஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம்.

வால்வ், காஸ்கெட் என்றால் மேல்பகுதியை மட்டும் கழற்றினால் போதும். முழு இஞ்சினையும் இறக்கிப் போர் பண்ண வேண்டியது, பெரும்பாலும் எல்லா எண்களும் குறைந்து, ஆயில் விட்டால் எல்லாம் ஏறி, நீலப் புகையும் வரும் வண்டிக்குத்தான். வால்வ் வேலை நடந்தால் ஒன்று கேளுங்கள். நம் நாட்டில் 2000-ம் ஆண்டிலிருந்து பெட்ரோலில் ஈயம் கலப்பதில்லை. ஈயம், பழைய இஞ்சின்களில் வால்வ் உட்காரும் இடம் தேயாமல் காத்து வந்தது. ஆகவே கடினமான உலோகத்தில் செய்த ஸீட்டாகப் போடச் சொல்ல வேண்டும்.

பெட்ரோலைப் பற்றி இன்னொரு விஷயம். 2025-ல் நாடெங்கும் பெட்ரோலில் 20 சதவிகிதம் எத்தனால் என்ற நிலை வந்தது. எத்தனாலில் அதே அளவு பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. இதற்கென்று அமைக்கப்படாத கார்களில் மைலேஜ் ஆறு ஏழு சதவிகிதம் குறையலாம் என்று 2021-ல் நிதி ஆயோக் அறிக்கையே சொல்லியிருக்கிறது. கார்புரேட்டர் வண்டிக்குத் தானாகச் சரிசெய்துகொள்ளும் மூளை கிடையாது. கலவை நீர்த்துப் போய் இழுவை குறையும். பிளக் வெளுத்திருந்தால் ஜெட்டைச் சிறிது பெரிதாக்கச் சொல்லலாம். பழைய ரப்பர்க் குழாய்களையும் பம்பின் ரப்பர்த் தகட்டையும் எத்தனால் ஊற வைத்துக் கெடுக்கும். குழாயில் விரிசல் விட்டால் பெட்ரோல் சூடான இஞ்சின் மேல் சொட்டும். எத்தனாலைத் தாங்கும் குழாய்களாக உடனே மாற்றுங்கள். இது விருப்பச் செலவு அல்ல, வேண்டிய செலவு.

பிள்ளையின் ஆசைக்கு வருவோம்

போன பலம் திரும்பி வந்த பிறகு, 'இன்னும் நன்றாக ஆக்கலாமா?' என்று கேட்பது நியாயமே. ஆனால் வரிசை முக்கியம். ஓடுவதற்கு முன் நிற்கத் தெரிய வேண்டும். ஆகவே முதல் பணம் பிரேக்குக்கு: ஸிலிண்டர் ரப்பர்கள், ஹோஸ்கள், லைனிங். அடுத்தது டயர். பட்டன் தேயாமல் இருந்தாலும் பத்து வருஷத்து டயர் கிழவன்தான், ரப்பர் இறுகிவிடும். பெல்ட் இல்லாத ஸீட்டுகளுக்குப் பெல்ட். பிறகு ரேடியேட்டரைச் சுத்தம் செய்து கூலண்ட் ஊற்றுவது.

நான்காவதாக மின்சாரம். ஹெட்லைட்டுக்கு ரிலே வைத்தால் பழைய வயரும் ஸ்விட்சும் சூடேறாமல், விளக்கு பளிச்சென்று எரியும். ரிலே வைக்காமல் பெரிய பல்ப் மட்டும் போடுவது வயர் எரிவதற்கு வழி. பாயிண்டுக்குப் பதில் எலெக்ட்ரானிக் இக்னிஷன் வைப்பது நல்ல யோசனை. புதுக் குதிரைகளைக் கொண்டு வராது. இருக்கிற குதிரைகள் வழியில் தூங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு சில ஆயிரம் மைலுக்கும் பாயிண்ட் தேய்க்கும் உபத்திரவமும் இல்லை.

பெரிய இஞ்சின்? நாற்பது குதிரைக்கென்று செய்த கியர் பாக்ஸ், பின் அச்சு, பிரேக் இவற்றின் மேல் எழுபது குதிரையைக் கட்டினால் எது முதலில் உடையும் என்று பந்தயம் கட்ட வேண்டியதுதான். சட்டமும் இடம் தராது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, தயாரித்தவர்கள் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. இஞ்சின் மாற்றவும் முன் அனுமதி வேண்டும். 15 வருஷம் தாண்டிய வண்டியைப் பரிசோதனைக்குக் கொண்டுபோய் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை பதிவைப் புதுப்பிக்க வேண்டியவர்கள் நீங்கள். அங்கே அகப்பட்டுக்கொள்வானேன்? விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ்காரரும் கையை விரிப்பார்.

எதைச் செய்தாலும் ஒரு சமயத்தில் ஒன்று மட்டும் செய்யுங்கள். உப்பு, புளி, காரம் மூன்றையும் ஒன்றாக மாற்றிவிட்டு, ரசம் எதனால் நன்றாக வந்தது என்று எப்படிச் சொல்வது? ஒவ்வொரு வேலைக்கும் முன்னும் பின்னும் ஓர் அளவு எடுங்கள். விடியற்காலை வெறிச்சோடிய சமமான சாலையில், மூன்றாவது கியரில், மணிக்கு 30 கிலோமீட்டரிலிருந்து 50-க்கு ஏற எத்தனை விநாடி என்று பக்கத்தில் உட்காருபவர் கடிகாரம் பார்த்து நோட்டில் எழுதட்டும். மெக்கானிக்கின் வாயைவிட, மனத்தின் ஆசையைவிட, அந்த விநாடிகள் உண்மை பேசும்.

எப்போது விட்டுவிடலாம்?

கடைசியில் சீட்டுப் பணத்துக்கு வருகிறேன். கம்ப்ரெஷன் எண்கள் நன்றாக இருந்தால் தைரியமாக வைத்துக்கொள்ளுங்கள். குழாய், பிரேக், டயரோடு செலவு நிற்கும். எண்கள் குறைந்து, ஆனால் அடித்தகடும் கதவு அடியும் துருவில்லாமல் கெட்டியாக இருந்தால், போர் பண்ணும் செலவு தகும், இஞ்சினைப் புதுப்பிக்கலாம். அடித்தகடு துருவேறி, ஜாக்கி வைக்கும் இடமே பொடிந்தால் இஞ்சினுக்குப் பணம் போட வேண்டாம். சுவர் இடிந்த வீட்டுக்கு வெள்ளையடிப்பது போல் ஆகும். அப்போது கணவர் கட்சி ஜெயித்ததாக ஒப்புக்கொள்ளலாம்.

இந்தச் சோதனைகளுக்கு உங்கள் மாமனாரையும் கூப்பிடுங்கள். எந்த மேட்டில் எந்தக் கியர் போட்டார், எந்த வருஷம் கார்புரேட்டர் மாற்றினார் என்பதெல்லாம் எந்த ஒர்க்ஷாப் ரிகார்டிலும் இருக்காது. அவர் ஞாபகத்தில் இருக்கும். முடிவு எதுவானாலும், தம்மைக் கேட்டுச் செய்தார்கள் என்ற திருப்தி அவருக்கு இருக்கட்டும்.

அடுத்த வாரம்: மழைக்கு முன் மொட்டை மாடி ஒழுகலைக் கண்டுபிடிப்பது எப்படி?